வாசல் பக்கம் வாட்டம்

கொஞ்சம் நகந்து உக்காரு தாயி. ஜன்னல் பக்கம் எனக்கு வேணாம், நீயே இரு. வெளிய வேடிக்கை பாக்குற மனசுல நான் வரல. நீயும் தேனிதான? அப்பச் சரி. நாகமலையில இருந்து தேனி வரைக்கும் வாயை மூடிக்கிட்டு வர என்னால ஆகாது. இன்னைக்கு ஆகவே ஆகாது.

எதுக்குப் போறேன்னு கேக்க மாட்டியா? கேளேன். சண்டைக்குப் போறேன். சிரிக்காத. வயசானவ, தலை நரைச்சவ, சண்டைக்குப் போறாளேன்னு பாக்குறியா? நிசமாத்தான் சொல்றேன். என் ஓரகத்தி தேனியில மகன் வீட்டுல இருக்கா. எங்க வீட்டுக்காரருக்கு மூத்தவரு சம்சாரம். குருவம்மான்னு பேரு. அவளைப் பாக்கத்தான் போறேன். பாக்கன்னா, பாத்துட்டு வர இல்ல. உனக்கு மொதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும்.

நான் வாக்கப்பட்டுப் போனது சோழவந்தானுக்கு. பெரிய வீடு. அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ஒரே அடுப்படி. அடுப்படி அவ ராஜ்ஜியம். கொழம்புக்கு உப்புப் போடக்கூட அவ கண்ணைக் காட்டணும். நான் தையல் தெரிஞ்சவ. எங்க அப்பா சீரோட சீரா ஒரு தையல் மிஷின் குடுத்து விட்டிருந்தாரு. ஹால்ல ஜன்னல் ஓரமாப் போட்டு அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தச்சுக் குடுப்பேன். அது அவளுக்குப் பொறுக்கல. தலை வலிக்குதுங்குறா. நூலு கால்ல சுத்துதுங்குறா. வர்றவ போறவ எல்லாம் வீட்டுக்குள்ள வந்து பானையைப் பாத்துட்டுப் போறாங்குறா. ஒரு நாள் நான் பிள்ளைக்குத் தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றேன், மிஷினைக் காணோம். எங்கன்னு கேட்டா மாட்டுக் கொட்டத்துல கெடக்கு. ஐப்பசி மாசம் தாயி. கொட்டத்துக் கூரை ஒழுகுற ஒழுக்குல மிஷின் தலைமேல சாணித்தண்ணி சொட்டுது.

நான் கத்துனேன். கத்தாம? அவளும் கத்துனா. எங்க வீட்டுக்காரரு அதிர்ந்து பேசாத மனுசன், மில்லுல பிட்டர் வேலை. அவரே, "போதும் தவமணி, தனியாப் போயிருவோம்"ன்னுட்டாரு. மறுவாரமே டெம்போ கொண்டாந்துட்டாரு. சாமானெல்லாம் ஏத்தியாச்சு. தெருவே நின்னு பாக்குது. பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நான்தான் கடைசியா வெளிய வர்றேன். ஒரு காலை வாசப்படிக்கு அந்தப் பக்கம் வச்சேன். பின்னாடி சளார்னு ஒரு சத்தம். குதிகால் நனையுது. திரும்பிப் பாத்தா, சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, ஒரு கையில வாளி, ஒரு கையில வெளக்கமாறு, ஹாலைக் கழுவுறா.

நீ சின்னப் பிள்ளை, உனக்குத் தெரியுமோ என்னமோ. வீட்டுல இருந்து ஒருத்தர் ஊருக்குப் போனாலே அவுக போய்ச் சேர்ற வரைக்கும் நாங்க வீட்டைக் கூட்ட மாட்டோம். ஆளு வெளிய போன கையோட கழுவி விடுறது எதுக்குத் தெரியுமா? பொணம் எடுத்த வீட்டைத்தான் அப்பிடிக் கழுவுவாக. உசுரோட இருந்த எங்க மூணு பேரையும் பொணமாக்கி அனுப்புனா அவ. என் பிள்ளைக்கு அப்பப் பால்பல்லுகூட முளைக்கல.

டெம்போவுல முன்சீட்டுல உக்காந்து, அழுவேன்னு எங்க வீட்டுக்காரரு பாத்தாரு. நான் அழுகல. மனசுக்குள்ள ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக்கிட்டேன். எனக்குன்னு ஒரு வீடு கட்டுவேன். பால் காய்ச்சுறதுக்கு அவளைக் கூப்பிடுவேன். எலை போட்டு வயிறாறச் சோறு போடுவேன். தாம்பூலம் குடுப்பேன். அவ கெளம்பி வாசப்படியத் தாண்டுவாள்ல, அப்ப நான் கழுவுவேன். அவ குதிகால் நனையணும். அவ திரும்பிப் பாக்கணும். அவ்வளவுதான் என் ஆசை. நகை கேக்கல, பட்டுக் கேக்கல. இருவது வருசத்துக்கு மேல அந்த ஒண்ணைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

கண்டக்டர் வாராரு, நீ டிக்கெட்டை எடுத்துக்க. எனக்கு அப்பவே எடுத்துட்டேன்.

பழங்காநத்தத்துல வாடகை வீடு வாடகை வீடா மாறி மாறிக் கெடந்தோம். மூத்தாரு தவறிப்போனப்ப முறைக்குப் போனோம், அவகூட நான் ஒரு வார்த்தை பேசல, அன்னைக்கே திரும்பிட்டோம். எப்பிடியோ நாகமலை அடிவாரத்துல எடம் அமைஞ்சுச்சு. வீடும் எந்திரிச்சுச்சு. எல்லாப் பொம்பளையும் வீடு கட்டுறப்ப என்ன கேப்பாக? அடுப்படி பெருசா வேணும், பூஜை அறை தனியா வேணும், பரண் வேணும்பாக. நான் அதெல்லாம் எங்க வீட்டுக்காரரு இஷ்டம்னு விட்டுட்டேன். அடுப்படி கொஞ்சம் சின்னமாப் போச்சு. போகட்டும். எனக்கு வேண்டியது ஹாலுதான். தரை போடுற அன்னைக்குக் கொத்தனாரு அந்தோணியைக் கூப்பிட்டுச் சொன்னேன், "தண்ணி ஓடுற வாட்டம் வாசல் பக்கம் இருக்கணும்."

அவரு நான் தெரியாமச் சொல்றேன்னு நெனச்சுட்டாரு. "அக்கா, ஹால் தரைக்கு வாட்டமே வேணாம்க்கா, மட்டமாப் போட்டாப் போதும். வைக்கிறதுன்னாலும் பின்னால கக்கூஸ் பக்கம் லேசா வைப்பாக. வாசலைப் பாத்து வச்சா வீட்டுத் தண்ணி பூராம் முன்னால வந்து நிக்கும்க்கா"ன்னாரு.

"நிக்கட்டும். லேசா எல்லாம் வேணாம். ஒரு வாளி ஊத்துனா நிக்காம ஓடணும்"னேன்.

அதோட விட்டேனா? ஹால் மூலையில கை கழுவுற பேசினுக்குக் கீழ ஒரு குழாய் வைக்கச் சொன்னேன். வாசக்கால் படிக்குப் பக்கத்துல தண்ணி வெளிய போகச் செவத்துல ஒரு பொந்து விடச் சொன்னேன். எங்க வீட்டுக்காரரு பாத்தாரு, "ஹாலுக்குள்ள எதுக்குக் குழாய்?"ன்னாரு. "வீடு கழுவ"ன்னேன். அவருக்குத் தெரியாது பாவம். என் மக தேன்மொழி கோயம்புத்தூர்ல வேலை பாக்குறா, குடி வந்தப்புறம் லீவுக்கு வந்தவ பீரோவைத் தள்ளிப் பாத்துட்டு, "அம்மா, இந்த வீடு குனிஞ்சு நிக்குது"ன்னா. பீரோவுக்கு முன்கால்ல ரெண்டு பக்கமும் மரச்சக்கை வச்சுத்தான் நிறுத்தியிருக்கோம். கட்டிலுக்கும்தான். படுத்தா ரெண்டு நாளைக்குக் கால் பக்கம் சறுக்குற மாதிரி இருந்துச்சு, அப்புறம் பழகிப்போச்சு. ஒண்ணும் குறை இல்ல. வீடு வீடாத்தான் இருக்கு.

நாள் குறிச்சாச்சு. தை மாசம். நான் பட்டுச்சேலை கட்டி, தட்டுல வெத்தலை பாக்கு, பூ, பழம் எல்லாம் வச்சு சோழவந்தானுக்குப் போனேன். வழியெல்லாம் பேச வேண்டியதைச் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். 'அக்கா, சொந்தமா வீடு கட்டியிருக்கோம், நீங்க வந்து பாத்தாகணும்.' பாத்தாகணும்ங்குறதை அழுத்திச் சொல்லணும்னு வச்சிருந்தேன். போய் நின்னா, அந்தப் பெரிய வீட்டுல அடுப்படிக் கூரை இடிஞ்சு உள்ள விழுந்து கெடக்கு. முன்ரூம்ல ஒரு ஸ்டவ் வச்சுப் பொங்கிக்கிட்டு இருக்கா. ஆளு பாதியாப் போயிட்டா. முட்டி வீங்கிக் கெடக்கு. சந்தோசம்தான் எனக்கு. ஏன் பொய் சொல்லணும்?

நான் வாயத் தெறக்குறதுக்குள்ள, தட்டைக் கையில வாங்கிக்கிட்டு, "என்னைக்குடி குடி போறீக?"ன்னா. சொன்னேன். "அதுக்கு இன்னும் எத்தன வேலை கெடக்கு! நீ ஒத்தையில என்னத்தச் செய்வ? நான் முன்னாலயே வந்துர்றேன்"னா. நான் அழுத்திச் சொல்லணும்னு வச்சிருந்ததைச் சொல்லவே விடல அவ.

சும்மா சொல்றான்னு நெனச்சேன். ஒரு வாரம் கழிச்சுப் பைய்யைத் தூக்கிக்கிட்டு வந்து எறங்கிட்டா தாயி! பழங்காநத்தத்து வாடகை வீட்டு வாசல்ல. எங்க வீட்டுக்காரருக்கு மொகமெல்லாம் பல்லு. "வாங்கண்ணி, வாங்கண்ணி"ங்குறாரு. எனக்கு வயிறு எரியுது. சரி, வந்தவ கையால வேலை வாங்குவோம், அதுவும் ஒரு பழிதான், வேலைக்காரி மாதிரி ஆக்கிருவோம்னு நெனச்சுக்கிட்டேன்.

ஆனா அவளை யாரு வேலை வாங்க முடியும்? அவதான் எல்லாரையும் வாங்குவா. மறுநாள் காலையில என்னைய இழுத்துக்கிட்டுப் புது வீட்டுக்குப் போயிட்டா. பெயிண்டு வாடை போகலேன்னு ரூமுக்கு ரூம் வேப்பிலைப் புகை போட்டா. தரையில, ஜன்னல் கம்பியில ஒட்டியிருந்த சிமெண்டுப் பொட்டையெல்லாம் தேங்கா நாரும் மண்ணெண்ணெயும் வச்சு உக்காந்து தேச்சா. அந்த முட்டிய வச்சுக்கிட்டு. நான் வேணாம்னு சொல்லல. எதுக்குச் சொல்லணும்? நானும் எதுத்தாப்புல உக்காந்து தேச்சேன், அவ சரியாத் தேய்க்கிறாளான்னு பாக்கணும்ல. எல்லாக் குழாயையும் தெறந்து விட்டு, செவந்த துருத்தண்ணி போயி நல்ல தண்ணி வர்ற வரைக்கும் ஓட விடச் சொன்னா. தரைக்கடியில இருக்குற சம்ப்புத் தொட்டியக் கழுவி, ஒரு தடவை நெரப்பி எறைச்சுட்டு அப்புறம்தான் குடிக்க நெரப்பணும்னா. ஒவ்வொரு ரூம்லயும் கதவைச் சாத்தி உள்ளயும் வெளியவும் தாப்பாளு போட்டுப் பாத்தா. ஒரு தாப்பாளு உக்காரல. நாங்க பாக்கவே இல்ல அதை. ஆசாரிக்குப் போன் போட்டு அப்பவே வரச் சொல்லிட்டா.

அப்புறம் கேளு. ஹாலைக் கழுவணும்னு சொல்லி, மூலையில இருந்த அந்தக் குழாயிலயே வாளியப் பிடிச்சு, பின்செவத்து ஓரமாச் சளார்னு ஊத்துனா. தண்ணி ஒரு நிமிசம் நிக்கல. வழிய எவனோ காட்டுன மாதிரி நேரா வாசலைப் பாத்து ஓடுது. பொந்து வழியாக் கொப்புளிச்சு வெளிய விழுகுது. அவ இடுப்புல கைய வச்சுக்கிட்டு அதையே பாத்தா.

"ஏன்டி தவமணி, கொத்தனாரு தப்புப் பண்ணிட்டானா? தண்ணி முன்னாலல்ல போகுது?"

"இல்லக்கா. நான் சொல்லித்தான் வச்சாரு."

என்னைய ஒரு பார்வை பாத்தா. தண்ணியப் பாத்தா. குழாயைப் பாத்தா. "ம்... வாட்டம் நல்லா இருக்கு. கழுவ வசதி"ன்னா. வெளக்கமாத்த எடுத்துக் கூட்டி விட ஆரம்பிச்சுட்டா. அவளுக்கு ஒண்ணும் வெளங்கல. வெளங்கியிருந்தா ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டா? அவ்வளவுதான் அவ புத்தி.

சாமான் கட்டுறதும் அவதான். பலசரக்குக் கடையில கேட்டு அட்டைப் பெட்டி எடுத்துக் குடுத்தேன். கண்ணாடிச் சாமானையெல்லாம் பழைய சேலையில சுத்தி, தட்டை நட்டுக்க வச்சு அடுக்குனா. படுக்க வச்சா ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து ஒடைஞ்சுருமாம். மொதல்நாள் சமைக்க வேண்டியதை மட்டும் ஒரு கூடையில தனியாக் கட்டி, "இதை வண்டியில ஏத்தாத, கையில வச்சுக்க"ன்னா. பழைய வெளக்கமாத்தை அங்கயே விட்டுறணும், புது வீட்டுக்குப் புதுசுன்னா. பிரிட்ஜை எறக்குனதும் சுவிச்சைப் போடாதே, கொஞ்ச நேரம் நிக்க வையின்னு எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்றா, அவரு தலையாட்டுறாரு. இருவது வருசமா நானும் வீடு மாறிக்கிட்டுத்தான் இருக்கேன், எனக்குத் தெரியாதா? வீடு மாறும்போதெல்லாம் எனக்கு நாலு தட்டு ஒடையும். இந்தத் தடவை ஒண்ணும் ஒடையல. அதுக்கு அவ காரணமா? ரோடு நல்லா இருந்துச்சு.

என் மிஷினைக் கட்டும்போது மட்டும் நான் கூடவே நின்னேன். தொட விடக்கூடாதுன்னு. அவ தொடவும் இல்ல. தள்ளி நின்னு, "அதுக்கு அடியில ஒரு மெத்தையப் போடச் சொல்லு"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

பால் காய்ச்சுற அன்னைக்கு விடியக்காலையில சாமி படம், உப்பு, மஞ்சள், புளி, அரிசி, நெறகொடம்னு வரிசையா உள்ள கொண்டு போறோம். நெறகொடத்தை யாரு தூக்குறதுன்னு ஒரு பேச்சு. எங்க வீட்டுக்காரரு அவ கையில குடுங்குறாரு. தாலி இழந்தவ கையில எதுக்குன்னு சொந்தக்காரிக ரெண்டு பேரு மொணங்குறாக. எனக்கு எங்க இருந்து வந்துச்சோ கோவம். "என் வீட்டுல யாரு கொடம் தூக்கணும்னு நான்தான் சொல்லணும்"ன்னு கத்தி, கொடத்தை எடுத்து அவ இடுப்புல வச்சுட்டேன். பாசம்னு நெனச்சுக்காத தாயி. அவளை அவமானப்படுத்துனா நான்தான் படுத்தணும். கண்டவளுக கையில அதை விட்டுருவேனா?

பால் நல்லாப் பொங்குச்சு. கெழக்க பாத்து வழிஞ்சுச்சு. வாசல்ல வச்ச தாம்பாளத்துக்கு எடுத்துக்கிட்டுப் போன எலுமிச்சம்பழம் தவறிக் கீழ விழுந்து, ஹால் முழுக்க உருண்டு வெளிய ஓடிருச்சு. பிள்ளைக சிரிச்சுக்கிட்டே வெரட்டிப் பிடிச்சாக. எல்லாரும் சாப்பிட்டாக. அவ பந்தியில நின்னு, "எங்க தங்கச்சி வீடு, கூச்சப்படாமச் சாப்பிடுங்க"ன்னு ஊருக்கே சொல்றா. தங்கச்சியாம்! நான் பேசினுக்குக் கீழ வாளியப் போட்டு நெரப்பி, மேல ஒரு துண்டைப் போட்டு மூடி வச்சுட்டேன். ஒவ்வொருத்தரா தாம்பூலத்தை வாங்கிக்கிட்டுக் கெளம்புறாக. வீடு காலியாகுது. அவ தூணுல சாஞ்சு காலை நீட்டி உக்காந்திருக்கா. கெளம்புற மாதிரியே தெரியல.

எங்க வீட்டுக்காரரு என்னைய அடுப்படிக்குள்ள கூப்பிட்டாரு. "அண்ணி கொஞ்ச நாளைக்கு நம்மகூட இருக்கட்டும். அந்த வீடு இருக்குற நெலையில அங்க எப்பிடி அனுப்ப? மகனும் சின்ன வீட்டுல இருக்கான்." நான் வாளியப் பாக்குறேன். என்ன செய்ய? போகாதவ பின்னாடி எப்பிடிக் கழுவ?

இருந்தா. தை போயி, மாசி போயி, சித்திரையும் போச்சு. நான் சும்மா இருக்கல, கேட்டுக்க. தெனம் ஒரு பழி வாங்குனேன். பாத்ரூம் ஒட்டுன ரூமை அவளுக்குக் குடுத்தேன், எனக்கு அந்த வசதிகூடத் தராதவளுக்கு நான் குடுத்தேன்னு அவ நெனச்சு நெனச்சு வேகணும்னு. பல்லு போனவளுக்கு இட்லிய ஆவி பறக்க மெத்துன்னு அவிச்சுப் போட்டேன், நாளைக்குப் பட்டினி போட்டேன்னு ஊருல சொல்ல வழி இல்லாமப் பண்ணணும்ல. முட்டிக்கு நானே தைலம் தேச்சு விட்டேன். அழுத்தித் தேய்ப்பேன். "மெதுவாடி"ம்பா. அதுல எனக்கு ஒரு நிம்மதி. பகல்ல நான் தைப்பேன். அவ மிஷினுக்குப் பக்கத்துல உக்காந்து கொக்கி கட்டுவா, காஜா எடுப்பா. சத்தம் தலைய வலிக்கலையான்னு ஒரு நாள் கேட்டேன். "காது மந்தமாயிருச்சு"ன்னா. அவ காதுக்கு ஒண்ணும் இல்ல. பக்கத்து வீட்டுல குக்கர் விசிலடிச்சா எத்தனாவது விசிலுன்னு சொல்லுவா.

ஒரு நாள் மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்தோம். எனக்குப் பொறுக்கல, கேட்டுட்டேன். "அக்கா, அன்னைக்கு நாங்க கெளம்பயில எதுக்குக் கழுவுனீக?"

மறந்துட்டேன்னு சொல்லுவான்னு நெனச்சேன். இல்ல கொழந்தை ஒண்ணுக்கு இருந்துச்சு, எண்ணெய் கொட்டிக் கெடந்துச்சுன்னு ஏதாவது சாக்குச் சொல்லுவான்னு நெனச்சேன். கைய நிறுத்தவே இல்ல அவ. "கழுவாம? நீங்க போயிட்டீகன்னு எனக்கு மனசுல உறைக்கணும்ல. இல்லாட்டி அன்னைக்குச் சாயந்தரமும் எல்லாருக்கும் சேத்துல்ல உலை வச்சிருப்பேன்."

பாத்தியா திமிரை? ஒரு மன்னிப்பு இல்ல. ஒரு 'தெரியாமப் பண்ணிட்டேன்' இல்ல. நான் மொச்சையை அப்பிடியே போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். அன்னைக்குப் பூராம் என்னத்துக்கோ கண்ணு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. மொச்சைச் சாறு பட்டிருக்கும்.

உசிலம்பட்டி வந்துருச்சா? டீ குடிக்கிறியா? வேணாமா. சரி.

போன ஞாயித்துக்கெழமை அவ மகன் இளவரசன் கார் எடுத்துக்கிட்டு வந்துட்டான். பொண்டாட்டி வேலைக்குத் திரும்பப் போறாளாம், பச்சப்பிள்ளையப் பாத்துக்க ஆள் வேணுமாம். அம்மா ஞாபகம் அப்பத்தான் வந்திருக்கு தொரைக்கு. அவ ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. பைய்யை எடுத்து மடிச்சு வைக்க ஆரம்பிச்சுட்டா. எங்க வீட்டுக்காரரு, "அண்ணி, இஷ்டம் இருந்தாப் போங்க, இல்லாட்டி இருங்க"ன்னாரு. அவ என்னையப் பாத்தா. நான் என்ன சொல்லணும்? நான் எதுக்குச் சொல்லணும்? "பேரப்பிள்ளையப் பாக்கணும்ல, போயிட்டு வாங்க"ன்னேன். அவ தலைய ஆட்டுனா.

அவ ரூமுக்குள்ள இருக்கையிலயே நான் வாளிய நெரப்பிட்டேன். என் வயசுல பாதி இந்த ஒரு வாளித் தண்ணிக்குக் காத்திருந்திருக்கேன் தாயி. அவ வந்தா. என் கையப் பிடிச்சு, "வர்றேன்டி"ன்னா. ஒரு காலை வெளிய வச்சா. முட்டியப் பிடிச்சுக்கிட்டு அடுத்த காலை எடுத்து வச்சா. நான் ஊத்துனேன்.

அந்தோணி போட்ட வாட்டம் இருக்கே, அப்பிடி ஒரு வாட்டம். பாம்பு மாதிரி ஓடுச்சு தண்ணி. பொந்து பத்தல, படிக்கு மேலயும் வழிஞ்சுச்சு. அவ ரெண்டு குதிகாலும் நனைஞ்சுச்சு, என் கண்ணால பாத்தேன். அவ நின்னா. ஒரு மூச்சு நேரம் நின்னா. சேலைக் கரைய லேசாத் தூக்கிப் பிடிச்சா. அப்புறம் நடந்து போய்க் கார்ல ஏறிட்டா.

திரும்பிப் பாக்கவே இல்ல தாயி!

நான் வெளக்கமாத்தோட வாசல்ல நிக்கிறேன். கார் திரும்பிருச்சு. எதுத்த வீட்டுப் பொம்பளை தண்ணி ரோடு வரைக்கும் வர்றதைப் பாத்துட்டு, பதறிக்கிட்டு ஓடியாறா. தலைமுடிய அள்ளி முடிஞ்சுக்கிட்டே வந்து, "ஐயையோ, யாருக்கா? பெரியம்மாவா? காலையிலகூட வாசல்ல பாத்தேனே! எப்பக்கா எடுத்தீக?"ன்னு கேக்குறா. கேட்டுக்கிட்டே அழ ஆரம்பிச்சுட்டா. "யாரும் இல்ல. சும்மா கழுவுறேன்"னேன். அவ என் கையில இருந்த வெளக்கமாத்தப் பாத்தா, என் மொகத்தைப் பாத்தா, விறுவிறுன்னு திரும்பிப் போயிட்டா. அதுல இருந்து என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல.

எங்க வீட்டுக்காரரு அவ ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு எல்லாத்தையும் பாத்திருக்காரு. செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போனவரு பொழுது சாயத்தான் வந்தாரு. வந்து ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. "தவமணி, அண்ணன் செத்தன்னைக்கு அந்த வீட்டைக் கழுவ ஆளு இல்லாம அண்ணியேதான் கழுவுனாக. உனக்குத் தெரியாது. நாம சீக்கிரம் வந்துட்டோம்." இதை எதுக்கு என்கிட்டச் சொல்றாரு? நானா வேணாம்னேன்? அதுக்கப்புறம் சோறு போட்டாச் சாப்பிடுறாரு, கேட்டாப் பதில் சொல்றாரு. அவ்வளவுதான்.

அவகிட்ட இருந்தும் ஒரு போன் இல்ல. போய்ச் சேந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? மகன்தான் பேசுனான். "அம்மா எப்பிடி இருக்கு?"ன்னேன். "இருக்கு சித்தி. சரியாச் சாப்பிட மாட்டேங்குது"ன்னான். அங்க இட்லிய எப்பிடி அவிக்கிறாளுகளோ, கல்லு மாதிரி. ரவைய வேற போடுவாளுக.

இப்பச் சொல்லு, இது ஒரு பழியா? நான் திரும்பிப் பாத்தேன்ல அன்னைக்கு? பாத்து, வெந்து, இத்தன வருசம் சுமந்தேன்ல? அவ பாக்கலேன்னா என்ன அர்த்தம்? வாங்கிக்கிட்டாளா இல்லையான்னே எனக்குத் தெரியலயே. அதான் போறேன். போய், கையப் பிடிச்சு இழுத்து, திரும்ப என் வீட்டுக்கே கூட்டிக்கிட்டு வரப்போறேன். பிள்ளையப் பாக்க ஆள் வேணும்னா பிள்ளையவும் தூக்கிட்டு வரட்டும், எடம் இருக்கு. வந்து இருக்கட்டும். எத்தன வருசம் வேணாலும் இருக்கட்டும். அப்புறம் ஒரு நாள் ஒழுங்கா அனுப்பி வைக்கிறேன், நேருக்கு நேரா நின்னு.

என்ன கேக்குற? அவ வரமாட்டேன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவேன்னா?

அவ எப்பிடி வரமாட்டேங்குறது? அதெல்லாம் வருவா. காலப் பிடிச்சாவது... இல்ல, காலைப் பிடிப்பேன்னு சொல்லல, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அவ எந்திரிச்சு நடந்து என் வாசப்படியைத் தாண்டி உள்ள வரணும் தாயி. வந்தே ஆகணும். வரலேன்னா நான் கழுவுனது பொணம் எடுத்த வீட்டைக் கழுவுனதாவே போயிருமே.